மிரிஸ்ஸவுக்குக் கிளம்பும் திண்டுக்கல்காரர்களே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

இந்த மடல் ஊரில் எல்லோருக்குமானது அல்ல. இலங்கைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டுப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு. போன வருஷம் போய்வந்து, இந்த வருஷம் அடுத்த குழுவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு. அந்தக் குழுக்களை அழைத்துப் போகிற ஏஜெண்டுகளுக்கும்தான். மதுரையில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு. கண்டி, நுவரெலியா, சீதையம்மன் கோயில், பிறகு தெற்கே இறங்கி மிரிஸ்ஸவில் ஒரு காலைப்பொழுது திமிங்கிலம். நான் பேசவந்தது அந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி.

போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவீர்கள். கடல் இல்லாத மாவட்டம் நம்முடையது. ஆத்தூர் காமராசர் அணை நிரம்பிவிட்டது என்று கேள்விப்பட்டாலே குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போகிறவர்கள் நாம். மனிதன் அறிந்த விலங்குகளிலேயே பெரியதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நமக்கு ஆசை வருவதில் தப்பே கிடையாது. பார்க்கிற விதத்தில்தான் எனக்கு மனத்தாங்கல்.

ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் தன் செல்போனை என் பக்கம் திருப்பினார். மிரிஸ்ஸவில் எடுத்த வீடியோ. நான்கைந்து படகுகள் அரைவட்டமாக நெருங்குகின்றன. நடுவில் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நீண்ட முதுகு. புஸ்ஸென்று மூச்சு மேலே எழும்புகிறது. படகில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். அப்போது நம் ஊர்க் குரல் ஒன்று, சந்தேகமே இல்லாமல் நம் ஊர்க் குரல்: “அண்ணே, இன்னும் கிட்டப் போங்கண்ணே! வாலக் காட்டாமப் போயிருச்சுன்னா காசு தண்டம்ணே!” சிரிப்பு. படகு திரும்புகிறது, எஞ்சின் உறுமுகிறது. இன்னொரு மூச்சு. அவ்வளவுதான், முதுகு அப்படியே தாழ்ந்து போய்விட்டது. வால் தெரியவே இல்லை. “சே!” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னதோடு வீடியோ முடிந்தது. காட்டியவர், “கொடுப்பினை இல்ல சார்” என்றார்.

கொடுப்பினை இல்லாமல் போனது அவருக்கா, அதற்கா? அந்தச் சில நிமிஷங்களில் தண்ணீருக்கு மேலே அது என்ன வேலையில் இருந்தது என்று நமக்குத் தெரிந்திருந்தால் அந்தக் குரல் எழுந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள்.

திமிங்கிலம் மேலே வருவது வெயில் காய அல்ல, நமக்குக் காட்சி தரவும் அல்ல. 2018இல் அமெரிக்காவின் மான்டரே வளைகுடாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி கோல்ட்போகனும் அவரது சகாக்களும் ஒரு நீலத்திமிங்கிலத்தின் உடம்பில், உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணங்கள் வைத்த ஒரு கருவியை நீண்ட கழியின் முனையில் வைத்து ஒட்டினார்கள். உயிருள்ள நீலத்திமிங்கிலம் ஒன்றின் இதயத் துடிப்பு முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான். அந்த முடிவு 2019இல் வெளிவந்தது. அது ஆழத்துக்குப் போகும்போது இதயம் நிமிஷத்துக்கு நான்கு முதல் எட்டு முறை துடித்தது. சில நேரம் இரண்டே துடிப்பு. 16 நிமிஷத்துக்கும் மேலாக ஒரு முங்கு, 184 மீட்டர் ஆழம் வரை. மேலே வந்ததும் துடிப்பு 25இலிருந்து 37 வரை ஏறியது. அந்த அளவு உடம்புக்கு அதற்கு மேல் துடிக்கவே முடியாது என்று அவர்கள் கணித்தார்கள்.

இதை நாம் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆழத்தில் உழைப்பு, மேலே ஓய்வு என்பது நம் நினைப்பு. அந்த இதயத்துக்கோ உச்சகட்ட வேலையே மேலேதான். உள்ளே செலவழித்த பிராணவாயுவுக்கெல்லாம் சேர்த்துக் கடனை அடைக்க வேண்டும், அடுத்த முங்குக்கும் சேமிக்க வேண்டும். நாம் ஒரு மூச்சில் நுரையீரலின் காற்றில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாக மாற்றிக்கொள்கிறோம். அது ஒரே ஊதலில் ஏறக்குறைய எண்பது, தொண்ணூறு சதவீதத்தை மாற்றிவிடும். நாம் காற்றை நெஞ்சில் அடைத்துக்கொண்டு முங்குகிறோம். அது ரத்தத்திலும் தசையிலும் ஏற்றிக்கொண்டு முங்குகிறது. ஆழத்தில் நுரையீரல் நசுங்கிப் போனாலும் கவலையில்லாத உடம்பு அது. ஆனால் ஏற்றிக்கொள்ள நேரம் வேண்டும். நான்கைந்து நிமிஷம், பத்துப் பன்னிரண்டு மூச்சு. அதைத்தான் நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பிடுங்குகிறோம்.

நம் பக்கத்துக் கிணறுகளில் மோட்டாரின் புட்வால்வில் குப்பை அடைத்துக்கொண்டால், முங்கத் தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிவருவோம். மூச்சைப் பிடித்து உள்ளே போவார். வெளியே வந்ததும் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு, கண் சிவக்க, கொஞ்ச நேரம் பேச்சே இல்லாமல் இரைப்பார். அந்த நேரத்தில் கிணற்று மேட்டில் நிற்கும் யாரும் அவரிடம் கேள்வி கேட்க மாட்டோம். “என்னப்பா, சரியாயிருச்சா?” என்று அவசரப்படுகிற சின்னப் பையனைக்கூட “செத்த இருடா” என்று அதட்டுவோம். இந்த மரியாதை நமக்குத் தெரியாதது அல்ல. கடலுக்குப் போனதும் மறந்துவிடுகிறது.

படகு நெருங்கினால் உண்மையிலேயே அதற்கு ஏதும் ஆகிறதா, இல்லை நானாகக் கற்பனை செய்கிறேனா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் முகத்துவாரத்தில் நீலத்திமிங்கிலங்களின் முங்கு நேரத்தைக் கருவி வைத்துப் பார்த்தார்கள். படகு 400 மீட்டருக்குள் வந்தபோது, அவை மேலே தங்கும் நேரமும் எடுக்கும் மூச்சின் எண்ணிக்கையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அடுத்த முங்கும் சுருங்கிவிட்டது. முங்கு சுருங்கினால் இரை குறையும். வாயைத் திறந்துகொண்டு பாய்ந்து, பெரிய டேங்கர் லாரிகள் சிலவற்றை நிரப்பும் அளவு தண்ணீரை ஒரே வாயில் அள்ளி, அதை வடிகட்டி இரையை விழுங்குகிற உயிர் அது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஆகிற செலவு கொஞ்சமல்ல. அரைகுறை மூச்சோடு கீழே போனால் செலவுக்கு வரவு கட்டாது. 400 மீட்டரிலேயே இந்தப் பாதிப்பு. நம் வீடியோவில் இருந்த தூரத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நியூசிலாந்தின் கைகோராவில் ஸ்பெர்ம் திமிங்கிலங்களிடமும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயே நெடுநாள் தங்குகிறவை படகுக்கு ஓரளவு பழகிக்கொள்கின்றன, வழிப்போக்காக வருகிறவை கூடுதலாக மிரள்கின்றன. மிரிஸ்ஸவில் நீங்கள் பார்ப்பது எந்த வகை என்று படகில் இருந்தபடி உங்களால் சொல்ல முடியுமா?

இன்னொன்றையும் கேளுங்கள். ஏன் மிரிஸ்ஸ? நம் ராமேஸ்வரத்திலோ தொண்டியிலோ ஏன் இப்படிப் படகு விடுவதில்லை? பாக் நீரிணை பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் ஆழம். ஆழத்தில் மேய்கிற உயிருக்கு அங்கே என்ன வேலை? நடுக்கடலிலிருந்து செங்குத்தாக எழும்புகிற தீவுகளைச் சுற்றித்தான் கரையோரத்திலேயே ஆழ்கடல் தொடங்கிவிடும். ஹவாய், அசோரஸ், கேனரித் தீவுகள், நம் லட்சத்தீவு எல்லாம் அப்படி. இலங்கை புவியியல்படி இந்தியாவிலிருந்து பிரிந்த துண்டுதான். ஆனாலும் தென்கரையில் மிரிஸ்ஸ, தெவுந்தர முனைக்கு எதிரே சில கிலோமீட்டரிலேயே கடல் சட்டென்று இறங்கிவிடுகிறது. திருகோணமலையிலோ ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்து வாசல் வரை வருகிறது. ஆழத்தில் முங்குகிற திமிங்கிலத்தைச் சாதாரணப் படகில் போய்ப் பார்க்க முடிவது இதனால்தான். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது வரம். அந்த வரத்தின் மேல்தான் நாமும் படகு விடுகிறோம்.

கேனரித் தீவுகளில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பக்கத்தில் வரும். அங்கே டெனரீஃப் தீவை ஒட்டிய கடலில் குறுந்துடுப்பு பைலட் திமிங்கிலங்களின் மேல் கருவி ஒட்டிய நட்டாச்சா அகிலார் டி சோட்டோவின் குழு, அவை கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஆழத்தில் கணவாயைத் துரத்தி விரைந்தோடுவதைக் கண்டது. மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய ஆழத்தில் இப்படி ஓடுவதா என்று வியந்து, ஆழ்கடலின் சிறுத்தைகள் என்று அவற்றைச் சொன்னார்கள். அது 2008. நம் மணப்பாட்டுக்கு அருகே 2016 ஜனவரியில் 80க்கும் மேல் கரையில் வந்து கிடந்தனவே, அதே இனம். மீனவர்கள் பலவற்றைக் கயிறு கட்டி உள்ளே இழுத்து விட்டார்கள், சில திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. ஏறக்குறைய பாதி செத்துப்போயின. 1973 ஜனவரியில் அதே கரையோரம் 147 ஒதுங்கியிருக்கின்றன. டிவியில் பார்த்தோம், உச்சுக்கொட்டினோம், மறந்தோம். திமிங்கிலம் என்றால் தமிழ்நாட்டில் நமக்கு வருகிற செய்தி இரண்டுதான்: கரையில் பிணம், இல்லையென்றால் அம்பர்கிரிஸ் கடத்தலில் கைது. அது உயிரோடு ஆழத்தில் என்ன செய்கிறது என்ற மூன்றாவது செய்தி நம் காதுக்கு எட்டுவதே இல்லை.

கேனரியில் இன்னொரு பாடமும் உண்டு. 2002 செப்டம்பரில் ஃபுர்தெவென்துரா, லான்சரோத்தே கரைகளில் 14 அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அப்போது அருகே பல நாட்டுக் கடற்படைகள், தண்ணீருக்குள் ஒலி செலுத்தித் தேடும் சோனார் கருவியோடு பயிற்சி நடத்திக்கொண்டிருந்தன. சோதித்த உடல்களில் வாயுக் குமிழிகள் இருந்தன, ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த மனித முக்குளிப்போருக்கு ஏற்படுகிற கோளாறைப் போல. உலகத்திலேயே மிக ஆழமாக முங்குகிற இனத்தைச் சேர்ந்தவை அவற்றில் இருந்தன. கூவியர் அலகுத் திமிங்கிலம் 2,992 மீட்டர் வரை போனதாகப் பதிவு இருக்கிறது. மூன்று மணி நேரம் 42 நிமிஷம் உள்ளேயே இருந்த ஒன்றும் உண்டு. அப்படிப்பட்ட உடம்பே, முங்கும் முறை குலைந்ததும் தாங்கவில்லை. 2004இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடற்படை சோனாருக்குத் தடை போட்டது. பிறகு அங்கே அப்படிக் கூட்டமாக ஒதுங்குவது நின்றது. சுற்றுலாப் படகின் எஞ்சினும் போர்க்கப்பலின் சோனாரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய். முங்கின் ஒழுங்கைக் குலைப்பது சின்ன விஷயம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் போகிற கடலை அறிந்தவர்கள் யாரென்றும் தெரிந்துகொண்டு போங்கள். இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலச் சரணாலயமாகச் சர்வதேச திமிங்கில ஆணையம் அறிவித்தது 1979இல். அடுத்த சில வருஷங்களில் ‘டூலிப்’ என்ற சிறிய பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட், ஜொனதன் கார்டன் முதலானவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். திருகோணமலைக்கு வெளியே கடலில் ஒலிவாங்கியை இறக்கி, ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஆழத்தில் எழுப்பும் ‘டக், டக்’ ஒலியைக் கேட்டுக்கொண்டே அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். அந்த இனம் இரை தேடி முக்கால் மணி நேரம் போலக் கீழே இருக்கும், பிறகு மேலே வந்து எட்டுப் பத்து நிமிஷம் மூச்சு வாங்கும், மறுபடி வாலைத் தூக்கி நேராக இறங்கும். பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்தக் கடல் நெடுங்காலம் ஆய்வாளர்களுக்கு எளிதில் கிட்டாமல் போனது.

2003இல் ‘ஒடிசி’ என்ற ஆய்வுக் கப்பலில் இருந்த ஆஷா டி வோஸ் என்ற இலங்கைப் பெண், தென்கடலில் நீலத்திமிங்கிலங்களைப் பார்த்தார். தண்ணீரில் சிவப்பாக மிதந்த அவற்றின் கழிவையும் பார்த்தார். மற்ற பெருங்கடல்களில் நீலத்திமிங்கிலங்கள் குளிர்ந்த துருவக் கடலில் தின்று, வெப்பக் கடலில் குட்டி போடுகிறவை. இங்கேயோ வெப்பக் கடலிலேயே தின்றுகொண்டு, வருஷம் முழுக்க இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. அதுவும் கிரில் அல்ல, பெரும்பாலும் ஒருவகைச் சின்ன இறால். அந்தக் கூட்டத்தின் மேலேயே பிறகு அவர் தன் ஆய்வை அமைத்துக்கொண்டார். மற்ற இடத்து நீலத்திமிங்கிலங்களைவிட இங்குள்ளவை முங்கும்போது அடிக்கடி வாலை மேலே தூக்குகின்றன என்பதையும் கவனித்தார். நீங்கள் காசு கொடுத்துக் காத்திருக்கிற அந்த வால் காட்சி, செங்குத்தாக ஆழத்துக்குப் பாய்கிற ஒரு உடம்பின் கடைசி அசைவு. நிம்மதியாக மூச்செடுத்து, முழு ஆழத்துக்கு இறங்கத் தயாராகும்போது வருவது. படகு துரத்தும்போது அது வாலைத் தூக்காமல் நழுவினால், குறை யார் மேல்?

இப்போது நீங்கள் வழக்கமாகச் சொல்கிற பதில்களுக்கு வருகிறேன். “நாங்க ஒரு படகுதானே?” நீங்கள் ஒரு படகுதான். அதே காலையில் அதே துறையிலிருந்து கிளம்புகிற மற்ற படகுகளும் ஒவ்வொன்றும் ஒரு படகுதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இது நாள் தவறாமல் நடக்கிறது. “படகுக்காரர்தான் ஓட்டினார், நாங்க என்ன பண்றது?” அவர் ஏன் ஓட்டுகிறார்? கிட்டப் போன படகுக்கு டிப்ஸ் கூடும், தள்ளி நின்ற படகுக்கு வசவு விழும். 2022இன் நெருக்கடியில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற நாடு அது. குடும்பம் நடத்த அவருக்கு வேறு வழி குறைவு. இலங்கையில் 2012இலேயே சட்டம் வந்துவிட்டது, 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது என்று. சட்டத்தை அவர் மீறுவது உங்கள் வாயைப் பார்த்துத்தான். நீங்கள் “போதும்” என்றால் அவருக்கும் டீசல் மிச்சம்.

“கப்பல் மோதியே சாகுது, எங்களைப் போய்ச் சொல்றீங்களே?” இதை ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். வாதம் சரிதான். தெவுந்தர முனைக்குத் தெற்கே போவது உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று, அது திமிங்கிலங்கள் மேயும் இடத்தின் மேலேயே போகிறது. மூச்சுக்கு மேலே வரும் உயிர் கப்பலின் மூக்கில் அடிபட்டுச் சாகிறது. ஆனால் மீதியையும் கேளுங்கள். உலகத்தின் மிகப்பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி., ஆய்வாளர்களும் அமைப்புகளும் வருஷக்கணக்கில் கேட்டதன்பேரில், 2022இல் தன் கப்பல்களை அந்த இடத்தில் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தானாகச் செய்தார்கள். நேரமும் எண்ணெயும் கணக்குப் பார்த்தே தொழில் நடத்துகிற நிறுவனம் 15 கடல் மைல் தள்ளிப் போக முடிந்ததென்றால், விடுமுறைக்குப் போன நம்மால் 100 மீட்டர் தள்ளி நிற்க முடியாதா? உண்மையைச் சொன்னால் 400 மீட்டரே கேட்க வேண்டும். 100 என்பது சட்டம் வைத்த அளவு, அந்த உடம்பு வைத்த அளவு அல்ல.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். துறையில் படகு ஏறும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: “கிட்டப் போக வேண்டாம், எஞ்சினை நிதானமா வச்சுத் தள்ளி நின்னாலே போதும், டிப்ஸ் குறையாது.” கடைசிப் பாதியைச் சொல்ல மறக்காதீர்கள், காரியம் அதில்தான் இருக்கிறது. திமிங்கிலத்தின் முகத்துக்கு நேரே போய் மறிக்கச் சொல்லாதீர்கள். திமிங்கிலம் முங்கியதும் ஓட்டுநர்கள் அது போகும் திசையைக் கணித்து, அடுத்து எழும்பும் இடத்துக்கு முன்கூட்டியே விரைவார்கள். அதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம், திமிங்கிலம் மூச்சுக்கு வருகிற வாசலிலேயே போய் நிற்பது. விரைய வேண்டாம் என்று சொல்லுங்கள். முங்கிய இடத்தில் அலையே இல்லாத வழுவழுப்பான ஒரு வட்டம் கொஞ்ச நேரம் தண்ணீரில் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருங்கள். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். தானே வரும்.

அந்த இடைவெளியில் உங்களுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன். கையில் கடிகாரம் இருக்கிறதல்லவா? கடல் உயிர் எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் முங்குகிறது என்று அளக்கிற அறிவியல் எதில் தொடங்கியது தெரியுமா? சமையலறையில் வைக்கிற ஒரு மணி நேர டைமரில். 1960களின் தொடக்கத்தில் ஜெரால்டு கூய்மன் அண்டார்டிகாவில் அந்த டைமரோடு, புகை படிந்த கண்ணாடித் தகடு ஒன்றையும் சேர்த்துக் கருவி செய்து, ஒரு சீலின் முதுகில் கட்டிவிட்டார். முள் தகட்டில் கீறிய கோடுதான் அதன் முங்கின் வரைபடம். அதன் பேரப்பிள்ளைகள்தாம் மார்க் ஜான்சனும் பீட்டர் டையாக்கும் திமிங்கிலங்களின் மேல் ஒட்டிய, ஆழத்தையும் ஒலியையும் உடம்பின் சாய்வையும் ஒருசேரப் பதிகிற கருவிகள். நம்மிடம் அந்தக் கருவி இல்லை. நோட்டும் பேனாவும் இருக்கிறது.

முதல் மூச்சு எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். எத்தனை முறை ஊதியது, முங்கும்போது வாலைத் தூக்கியதா, மறுபடி எத்தனை நிமிஷம் கழித்து வந்தது என்று எழுதுங்கள். அதைவிட முக்கியம், அப்போது சுற்றிலும் எத்தனை படகு நின்றது, குத்துமதிப்பாக எவ்வளவு தூரத்தில் நின்றது என்பது. உங்கள் குழுவில் காந்திகிராமத்திலோ வேறு கல்லூரியிலோ படிக்கிற பிள்ளைகள் இருந்தால் நோட்டை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், நம்மைவிட ஒழுங்காக எழுதுவார்கள். படம் எடுத்தால் முதுகின் புள்ளித் திட்டுகளும் முதுகுத் துடுப்பும் தெரியும்படி எடுங்கள். நீலத்திமிங்கிலத்துக்கு அதுதான் அடையாளம், ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு வாலின் ஓரம். ‘ஹாப்பிவேல்’ போன்ற படக் களஞ்சியங்களில் தேதி, இடத்தோடு ஏற்றினால், அதே உயிர் முன்பு வேறெங்காவது பார்க்கப்பட்டிருந்தால் உங்களுக்கே தகவல் வரும். ஸ்டேட்டஸில் ஒரு நாள் இருந்து மறைகிற வீடியோவுக்கு இது எவ்வளவோ மேல்.

திருகோணமலைக்குப் போகிற குழுக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம்மில் பாதிப்பேர் போவதே கோணேசரைத் தரிசிக்கத்தான். கோயில் நிற்கும் அந்தப் பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, கீழே ஆழம். பருவம் வாய்த்தால் அங்கே நின்றபடியே நீலத்திமிங்கிலத்தின் மூச்சைத் தூரத்தில் பார்க்கலாம். படகும் வேண்டாம், எஞ்சினும் வேண்டாம், வாந்தியும் வராது. சாமி கும்பிட்டுவிட்டு இறங்க அவசரப்படாமல், ஒரு மணி நேரம் கடலைப் பார்த்து உட்காருங்கள். ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் போதும். அதற்கு எந்தத் தொந்தரவும் தராமல் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஏஜெண்டுகளுக்கு. உங்கள் நோட்டீஸில் ‘மிக அருகில் திமிங்கிலம்’ என்று போடுவதை நிறுத்துங்கள். அந்த ‘மிக அருகில்’ என்பதைப் படித்துவிட்டுத்தான் படகில் எல்லோரும் கத்துகிறார்கள். 100 மீட்டர் சட்டத்தை மதிக்கிற படகுகளோடு மட்டும் பேசி முடியுங்கள், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். பயணத் திட்டத்தாளின் பின்பக்கம் வெற்றாகத்தானே இருக்கிறது? தள்ளி நிற்பது பற்றி நாலு வரி, நேரம் குறிக்க ஒரு சின்ன அட்டவணை, இரண்டையும் அங்கே அச்சடித்துக் கொடுங்கள். எழுதித் தருவது என் பொறுப்பு. இந்தப் பருவத்தின் முதல் குழு கிளம்புவதற்குள் யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டால் போதும், மற்றவர்களிடம் நானே வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
திண்டுக்கல்